மறுநாளே வந்த பதில்கள்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். அங்கே உன் முழங்கால் வலி தேவலையா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதை உன் கைப்பட எழுதினால்தான் நம்புவேன்.

நீ வாசலுக்குள் போய் ஐந்து நாள் ஆகிறது. பஸ் ஓட்டிவிட்டு வந்ததும் உன் அத்தான் பழக்க தோஷத்தில், "எங்க உன் தம்பி, சாப்பிட்டானா?" என்று கேட்டார். "ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னாடி போயிருக்கான், இன்னும் வரல" என்றேன். "அப்ப லேட்டாத்தான் வருவான்" என்று சொல்லித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

நீ அரை மனதாகப் போனாய் என்று எனக்குத் தெரியும். விண்ணப்பத்தை நிரப்பியவள் நான், கையெழுத்து மட்டும்தான் உன்னுடையது. ஒரே ஒரு வருஷம். திரும்பி வந்தால் நிரந்தர சர்வேயர் வேலை. நேற்றுகூடப் பெரிய ஐயா எங்கள் வரைபடப் பிரிவுக்கு வந்து எல்லோர் முன்பும் சொன்னார்: "அந்த நகரம் ஆத்துல முழுக இன்னும் முழுசா இருபது வருஷம் இருக்கு. நம்ம ஆளுங்க ரெண்டு பேரும் இருக்கப்போறது ஒரு வருஷம். அவங்க கால்கூட நனையாது." அந்த நகரத்தைத் தோண்டியபோது பானையும் பூட்டும் சிக்கினவாம், ஒரு மனித எலும்புகூடக் கிடைக்கவில்லையாம். அது ஏன் என்று உன் படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் போகிறார்களாம்.

ஆள் போகிற வாசலைத் திறக்க ஒரு வருஷம் மின்சாரம் சேர்க்க வேண்டும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். தபால் துவாரம் மட்டும் தினமும் காலை பதினொரு மணிக்குத் திறக்கிறது. நீ அனுப்பும் தாள்களை டிரேசிங் தாளில் மை போட்டுப் படியெடுக்கும் வேலை என் மேசைக்கே வந்திருக்கிறது. அதனால் ஒழுங்காக எழுது, கோழி கிளறின மாதிரி எழுதாதே. உன்னோடு வந்த மெக்கானிக்கை விசாரித்ததாகச் சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

பிப்ரவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் மெக்கானிக்கும் நலம். முழங்கால் தொந்தரவு கொடுக்கவில்லை. உன் சளியும் அத்தானின் முதுகு வலியும் எப்படி?

வந்ததும் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஒழுங்கு பிடிக்கக் கொஞ்ச நாள் ஆனது. முதல் நாளே என் அளவுச் சங்கிலியைப் பார்த்து எங்களை ஒற்றர்கள் என்று பிடித்துக் கோட்டைக் காவல் அறையில் போட்டுவிட்டார்கள். எத்தனை நாள் என்று கேட்காதே. ஒரு காலையில் அந்த அறைப் பூட்டே இறுகித் திறக்காமல் போனது. உள்ளேயிருந்த மெக்கானிக் அதைக் கழற்றிச் சரிசெய்து, காவல் தலைவர் கையிலேயே கொடுத்தார். "இத முன்னாடியே செஞ்சிருக்கலாமே?" என்று கேட்டார் அவர். "நீங்க கேக்கலையே" என்றார் இவர். அன்றிலிருந்து நாங்கள் ஊருக்கு வேண்டியவர்கள்.

அவர்கள் பேச்சு முக்கால்வாசி புரிகிறது. உயரமான மதில், அதன் உள்ளே குறுகலான தெருக்கள், தெற்கே சூளைகள், கிழக்கே ஆறு. அளவு தொடங்கும் முதல் நிலையக் கல்லை மதிலின் தெற்கு வாசலில் நட்டேன். அதன் பக்கத்தில் அடையாள மரம் ஒன்றைக் குறித்து, ஒவ்வொரு தாளிலும் அதன் சுற்றளவை அளந்து எழுதவேண்டும் என்பது இலாகா விதி. ஏன் என்று யாரும் சொல்லவில்லை. அங்கே இருந்தது ஒரு கன்றுதான், என் சுண்டுவிரல் பருமன். அதையே எழுதியிருக்கிறேன், சிரிக்காதே.

தேதியைத் தபால் பையில் கட்டியிருக்கும் சீட்டைப் பார்த்துப் போடுகிறேன். பை வரும் நாள் இங்கே எங்களுக்குப் பெரிய நாள். முடிந்தபோதெல்லாம் எழுது, இரண்டு வரியானாலும் போதும்.

உன் தம்பி

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் நலம் என்று படித்து வயிறு குளிர்ந்தது. எனக்குத்தான் பத்து நாள் ஜுரம், பிறகு வேலை மலைபோல் குவிந்துவிட்டது. அதுதான் தாமதம். இப்போது தேவலை.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதே. நான் போட்ட மறுநாளே உன் பதில் வந்து நிற்கிறது. இலாகா உன்னை அனுப்பியது நகரத்தை அளக்க, அக்காவுக்குக் கடிதம் எழுத அல்ல. நான் அடிக்கடி எழுதினால் நீ வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுவாய். அதனால் இனி மாதம் ஒரு கடிதம் என்று முடிவு செய்திருக்கிறேன். எனக்கும் கஷ்டம்தான். உன் நன்மைக்குத்தான்.

இன்னொன்று. தேவைப் பட்டியலில் செருப்பு இரண்டு ஜோடி கேட்டிருக்கிறாய். ஒரு மாதத்தில் இரண்டு ஜோடியா? காலில் போடுகிறாயா, கடித்துத் தின்கிறாயா? அனுப்பியிருக்கிறேன்.

பிறகு, உன் பத்தொன்பதாம் தாளில் அடையாள மரத்தின் சுற்றளவு ஒன்பது அங்குலம் என்று இருக்கிறது. அதுவும் சிவப்புப் பென்சிலில்! போன மாதம் சுண்டுவிரல், இந்த மாதம் ஒன்பது அங்குலமா? சின்ன வயதிலிருந்தே உனக்கு ஒன்றும் ஒன்பதும் தகராறு. மை போடும்போது நானே ஒன்று என்று திருத்திவிட்டேன். யாருக்கும் தெரியாது, கவலைப்படாதே.

உன் அக்கா

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஜுரம் விட்டது என்று படித்து நிம்மதி. முழுக்கக் குணமாகிற வரை குளிர்ந்த நீரில் தலை குளிக்காதே.

மாதம் ஒரு கடிதம் போதும். உன் வசதிப்படி எழுது.

மரத்தின் அளவு சரிதான், அக்கா. நான் எழுதியதை எழுதியபடி விட்டுவிடு. இது ஒன்றுதான் உன்னிடம் கேட்பது. தயவுசெய்து திருத்தாதே.

சங்கிலியின் மறுமுனையைப் பிடிக்க இங்கேயே ஓர் ஆள் கிடைத்திருக்கிறாள். சூளையில் வேலை பார்த்தவள். நான் "இழு" என்றால், "நீங்க மொதல்ல நேரா நில்லுங்க" என்பாள். நான் தப்பாகக் குறித்தால் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. மெக்கானிக் அவளுக்குப் பயந்து நடக்கிறார்.

உன் முதல் கடிதம் மடிப்பில் கிழிந்துவிட்டது. பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன். செருப்புக்கு நன்றி, அளவு சரியாக இருக்கிறது.

உன் தம்பி

ஏப்ரல் 10

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானுக்கு முதுகு வலி, எனக்கு இடுப்பு வலி. மற்றபடி சுகம். வீடு மாற்றினோம், அதுதான் மாதக் கணக்கில் ஒரு வாரம் தப்பிவிட்டது. புது வீட்டில் உனக்கும் ஓர் அறை இருக்கிறது, சன்னல் பக்கம். உன் பெட்டிகளை மூன்று மாடி தூக்கியவர் உன் அத்தான். "உள்ள என்ன வச்சிருக்கான், நிலையக் கல்லா?" என்று படிக்குப் படி கேட்டார்.

ஒரு மாதத்தில் என் கடிதம் எப்படி மடிப்பில் கிழியும்? அதை என்ன செய்கிறாய்? சங்கிலிக்காரியைப் பற்றி ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறாயே, அதுவும் எனக்குத் தெரிகிறது. அங்கேயே மனதைக் கொடுத்துவிட்டு வந்து நிற்காதே. அந்தப் பெண் இறந்து ஆயிரத்து இருநூறு வருஷம் ஆகிறது என்பதை நினைவில் வை.

நாற்பத்தொன்றாம் தாளின் ஓரத்தில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள். வட்டம், அதற்கு இரண்டு கால், தலையில் கொம்பு. அழித்துவிட்டேன். மரம் இரண்டு அடி மூன்று அங்குலம் என்று எழுதியிருந்தாய். நீ சொன்னாயே என்று விட்டால் இலாகா முழுக்கச் சிரிக்கும். அதனால் அடியை எடுத்துவிட்டு இரண்டு அங்குலம் என்றே மை போட்டேன். பெரிய ஐயா மற்ற எதையும் பார்க்காமல் நேரே மரத்தின் அளவைத்தான் பார்க்கிறார். பார்த்துவிட்டு, "உன் தம்பி வேலை சுத்தம்மா" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மெக்கானிக்கின் உடம்பு எப்படி?

உன் அக்கா

ஜூன் 20

தம்பிக்கு,

அத்தான் சுகம். நான் சுகமாக இல்லை.

ஏப்ரலில் நீ போட்ட பதில் நான்கே வரி. "நலம். கிறுக்கியது குருவி, மன்னித்துவிடு. அந்தப் பக்கத்தை அழிக்காமல் விட்டிருக்கலாம். மெக்கானிக் படுத்திருக்கிறார், அவர் வேலையையும் நான் பார்க்கிறேன்." அவ்வளவுதான். இவ்வளவு எழுதுகிறேன், இவனுக்கு நாலு வரிக்கு மேல் கை வலிக்கிறதா என்று எனக்குக் கோபம். நீயாக எழுதும் வரை நானும் எழுதப்போவதில்லை என்று இரண்டு மாதம் முறுக்கிக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் உன் தேவைப் பட்டியல் வந்தது. படிக்கக் கண்ணாடி கேட்டிருந்தாய். தாளை எவ்வளவு தள்ளிப் பிடித்தால் எழுத்து தெரிகிறது என்று நீ அளந்து எழுதிய சீட்டைக் கடையில் காட்டினேன். "நாப்பது தாண்டினவருக்கா?" என்றார் கடைக்காரர். "இருபத்தெட்டு" என்றேன். "அப்ப சீட்டு வேற யாரோடதோ" என்று திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் அதே அளவில் வாங்கி இதோடு அனுப்பியிருக்கிறேன்.

நேற்று உன் அளவுப் புத்தகங்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். நான் மை போட்ட தாள்களை அல்ல, உன் பென்சில் எழுத்தை. ஒன்பது அங்குலம். இரண்டு அடி மூன்று. நாலு அடி இரண்டு. ஒரு மரம் வளர்ந்தால் எப்படி வளருமோ அப்படித்தான் வளர்ந்திருக்கிறது. செருப்பு இதுவரை பதினோரு ஜோடி அனுப்பியிருக்கிறோம். ஆற்றில் பதினோரு வெள்ளம் குறித்திருக்கிறாய். உன் கையெழுத்தே மாறியிருக்கிறது, 'கோழிக் கிளறல்' போய் நிதானமாகிவிட்டது.

இனி என்னிடம் மழுப்பாதே. உனக்கு இப்போது என்ன வயது?

அக்கா

ஜூன் 21

அன்புள்ள அக்காவுக்கு,

அழாமல் படி. நான் நலமாக இருக்கிறேன். கண்ணாடி வந்தது, போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். உன் எழுத்து இவ்வளவு அழகு என்று மறந்தே போயிருந்தேன்.

எனக்கு நாற்பது வயதாகிறது.

உங்களுக்கு ஒரு நாள் என்றால் இங்கே ஒரு மாதம். வந்த இரண்டாம் மாதமே தெரிந்துவிட்டது. தினமும் வரவேண்டிய பை மாதம் ஒருமுறை வந்தது. சீட்டில் மட்டும் மறுநாள் தேதி. நீ காலையில் போட்டால் நான் ஒரு மாதம் எழுதி, அடித்து, மறுபடி எழுதி அனுப்புவேன். உனக்கு அது மறுநாளே வந்த பதில். உன் பத்து நாள் ஜுரம் எனக்குப் பத்து மாதம். வீடு மாற்றிக் கடிதம் போட்டாயே, அதற்கு மூன்று வருஷத்துக்கு மேல் காத்திருந்தேன். இந்தக் கடைசிக் கோபம் கிட்டத்தட்ட ஆறு வருஷம். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, நீ கேட்டதால் எழுதுகிறேன். ஒவ்வொரு மாதமும் பையை அவிழ்த்து, தலைகீழாக உதறிப் பார்த்துவிட்டு மறுபடி கட்டுவேன். பிறகு அதுவே பழகிவிட்டது. அக்கா, எனக்குச் சலித்துவிட்டது. அளந்து அளந்து, காத்திருந்து காத்திருந்து, உடம்பைவிட மனசு ஓய்ந்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். விண்ணப்பத்தை நிரப்பியது நீ. கடிதத்தில் பொய் சொல்லலாம் என்று நினைத்தேன், சொன்னேன். அளவுப் புத்தகத்தில் மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. மெக்கானிக் இரண்டு முறை இலாகாவுக்குத் தனி மனு எழுதினார். தாள்களோடு ஒப்பிட்டதில் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. அதோடு விட்டுவிட்டோம். அவர் போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் வீட்டுக்கு நீயே நேரில் போய்ச் சொல்.

சங்கிலிக்காரிதான் என் மனைவி. பத்து வருஷமாகிறது. குருவி என் மகள், ஒன்பது வயது. நீ அழித்த அந்தக் கொம்பு வைத்த வட்டம் நீதான். "அத்தைய வரஞ்சிருக்கேன்" என்று சொல்லி அனுப்பச் சொன்னாள். அந்தப் பெண் இறந்து ஆயிரத்து இருநூறு வருஷம் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதத்தை மட்டும் என் மனைவிக்குப் படித்துக் காட்டவில்லை.

நீ கேட்காத ஒன்று பாக்கி இருக்கிறது. நகரம் முழுக இருபது வருஷம் என்று பெரிய ஐயா சொன்னார். அது இருநூற்று நாற்பது மாதம். உங்கள் கணக்கில் செப்டம்பர் கடைசி. வாசல் திறப்பது பிப்ரவரியில். கூட்டிக் கழித்துப் பார்க்காதே, நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

உன் தம்பி

ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ, அவள், குருவி மூன்று பேரும் சுகம்தானே. இந்தப் பதினைந்து நாளும் தினம் ஒரு வரியாவது பையில் போட்டேன். உனக்கு மாதம் தவறாமல் வந்திருக்கும். இனியும் வரும். நான் செத்தாலும் உன் அத்தான் போடுவார், சொல்லி வைத்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே பெரிய ஐயாவிடம் ஓடினேன். அவர் அலமாரியைத் திறந்து தாள்களை எடுத்துப் போட்டார். "காலம் வழுக்குதான்னு பாக்கத்தாம்மா அந்த மரத்தையே அளக்கச் சொல்றோம். அது ஒண்ணுதான் நமக்குக் கடிகாரம். இங்க பாரு, மரம் வளரவே இல்ல. அந்த மெக்கானிக் எழுதினப்பகூட இத வச்சுத்தான் பாத்தோம்." அவர் விரல் வைத்துக் காட்டிய ஒவ்வோர் எண்ணும் நான் மை போட்டது.

தம்பி, அந்த மனிதர் ஏமாற்றவில்லை. ஏமாற்றியவள் நான். மார்ச்சிலேயே ஒன்பது அங்குலம் என்று பார்த்திருந்தால் இயந்திரத்தை நிறுத்தி வழுக்கலைச் சரிசெய்திருப்பார்களாம். இப்போது இறுகிவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். மெக்கானிக்கின் மனு ஏன் பொருந்தவில்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தும் என்னிடம் சொல்லவில்லை. மெக்கானிக்கின் மனைவி எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அதை வாங்கிக் குடித்தேன். உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

விசாரணைக் குழுவில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். உன் பென்சில் எழுத்தையும் என் மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். நல்லது, அந்தப் பேனாவைத் தொடவே எனக்குக் கூசுகிறது. பையில் போடும் உரிமையை மட்டும் காலில் விழாத குறையாகக் கெஞ்சி வாங்கினேன்.

முடிவு இதுதான். வாசல் செப்டம்பர் 24 அன்று திறக்கும். அதற்கு முன்னால் எவ்வளவு முட்டினாலும் மின்சாரம் போதாது. இருபது நிமிடம்தான் தாங்கும், பிறகு எப்போதும் திறக்காது. உனக்கு இன்னும் ஆறரை வருஷம். உன்னை மட்டும் வெளியே விட உத்தரவு. மனைவி, குழந்தை என்று எழுதிக் கேட்டேன், 'அலுவலர் மட்டும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன். நீ என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை.

அக்கா

செப்டம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பல் இரண்டு போய்விட்டது, தலை முழுக்க வெளுத்துவிட்டது. பார்த்துப் பயப்படாதே. உன் இடுப்பு வலிக்கு மருந்து போடுகிறாயா?

உன் ஒற்றை வரிகள் ஒன்றுகூடத் தவறவில்லை. 'இன்று மழை.' 'அத்தான் பஸ் பஞ்சர்.' 'இன்று ஒன்றும் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன்.' இப்படி ஆறரை வருஷம். குருவிக்கு இப்போது பதினாறு. உன் வரிகளைப் பார்த்துத்தான் நம் எழுத்தைப் படிக்கக் கற்றாள். பஞ்சர் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்க ஒரு மாதம் ஆனது.

உத்தரவைப் படித்தேன். கீழ்ப்படியப் போவதில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, தொள்ளாயிரத்து நான்கு பேர். ஒவ்வொரு வீட்டு வாசற்படியையும் குனிந்து அளந்தவன் நான். அவர்களை விட்டுவிட்டுத் தாள் சுருளை மட்டும் தூக்கிக்கொண்டு வர எனக்குக் கால் வராது. உன் கடிதம் கிடைத்த மாதமே ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். முதல் வருஷம் சிரித்தார்கள். இரண்டாம் வருஷம் சண்டை போட்டார்கள். மூன்றாம் வருஷம் என் மனைவி சங்கிலியை எடுத்துக்கொண்டுபோய் ஆற்று மட்டத்தை அவர்கள் கண் முன்னாலேயே அளந்து காட்டினாள். அதன் பிறகு நம்பினார்கள்.

உன் இருபது நிமிடம் இங்கே பத்து மணி நேரம். தெருவாரியாக ஒத்திகை பார்த்திருக்கிறோம். ஒன்பதரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். சூளைத் தெருக் கிழவர் ஒருவர் மட்டும் வரமாட்டேன் என்கிறார். அவரைக் கூடையில் வைத்துத் தூக்க நான்கு பேரை நியமித்திருக்கிறோம், அவருக்குத் தெரியாது.

பெரிய ஐயாவிடம் எதுவும் சொல்லாதே. வாசல் எதிரே இடம் மட்டும் காலியாக இருக்கட்டும்.

உன் தம்பி

செப்டம்பர் 26

அன்புள்ள

மேலே ஒரு சொல் எழுதாமல் விட்டிருக்கிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். கொட்டகையில் எல்லோரும் நலமா? நோய் ஏதும் தொற்றாமலிருக்க நாற்பது நாள் தனியே வைத்திருப்பார்களாம். கம்பிக்கு இந்தப் பக்கம்கூட என்னை விட மறுக்கிறார்கள். மறுபடியும் கடிதம்தான்.

வாசல் திறந்தபோது பெரிய ஐயா கையில் கடிகாரத்தோடு ஒரே ஓர் ஆளுக்காக நின்றார். முதலில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். பிறகு ஓட்டை விழுந்த மூட்டையிலிருந்து தானியம் கொட்டுவதுபோல் ஆட்கள். அவர் கணக்கெடுக்கப் பார்த்து, விட்டுவிட்டு, "யாரும்மா இவங்கள்லாம்?" என்று என்னைக் கேட்டார். "உங்களுக்குக் கிடைக்காத எலும்புங்கய்யா" என்றேன். அவர் கடிகாரத்தைப் பையில் போட்டுவிட்டு, ஒரு கிழவியின் மூட்டையை வாங்கிக்கொண்டார். அத்தான் டிப்போவில் சொல்லாமலே பஸ்ஸை எடுத்து வந்திருந்தார். கூடையில் வந்த கிழவர் அதில் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரையும் திட்டினார்.

பதினெட்டாவது நிமிடத்தில் கடைசியாக ஒருவர் வந்தார். வெள்ளைத் தலை, நான் வாங்கிய கண்ணாடி, தோளில் துருப்பிடித்த சங்கிலி. பக்கத்தில் ஓர் அம்மாவும் ஒரு பெண்ணும். அவர் என்னைப் பார்த்து "அக்கா" என்றார்.

நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். நான் மறுபடி திரும்பியபோது உங்களைக் கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு நாளாக அந்த ஒரு திரும்பல்தான் கண் முன் நிற்கிறது. உங்களுக்கு நாற்பத்தேழு, எனக்கு முப்பத்து மூன்று. நீ, தம்பி என்று எழுதக் கை வரவில்லை. அண்ணா என்று எழுதி அடித்தேன். உங்கள் இருபது வருஷத்தை எடுத்தவள் எந்த உரிமையில் உங்களை எப்படிக் கூப்பிடுவது? என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. எப்படி எழுதட்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு
படியெடுப்பவள்

செப்டம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே தொள்ளாயிரத்து நான்கு பேரும் நலம். குருவிக்கு லேசான இருமல், அவ்வளவுதான். நீ சாப்பிட்டாயா?

நேற்றுக் காலை பதினொரு மணிக்குத் தபால் துவாரத்தைத் திறந்தபோது அதிலிருந்து தண்ணீர் வந்ததாம், சேறும் சருகுமாக. காவலர் வந்து சொன்னார். பிறகு அந்தக் கூடைக் கிழவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். திட்டவில்லை.

மரம் கடைசியில் ஆறு அடி எட்டு அங்குலம். அதன் நிழலில்தான் உன் கடிதங்களைப் படிப்பேன். அதையும் குறித்துக்கொள், யாராவது கேட்டால் சொல்.

நீ என்னை நீங்கள் என்று எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எனக்குக் கோபம் இருந்தது, அக்கா. இல்லை என்று சொன்னால் பொய். ஒரு நாலைந்து வருஷம் நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகும் பையை உதறிப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அந்த ஊரில் எல்லோருக்கும் நான் ஐயா. வழக்கென்றாலும் வெள்ளமென்றாலும் ஐயாவைக் கூப்பிடு. குருவிக்கு அப்பா. என் மனைவிக்குக்கூட நான் ஐயாதான், சண்டை போடும்போது தவிர. இருபது வருஷம் பெரியவனாகவே இருந்து எனக்கு அலுத்துவிட்டது. உலகத்திலேயே ஓர் இடத்தில்தான் நான் சின்னவன், அது உன் கடிதத்தின் முதல் வரியில். அதையும் எடுத்துவிட்டால் நான் எங்கே போய் உட்காருவேன்?

பழையபடி எழுது. இரண்டு வரியானாலும் போதும்.

உன் தம்பி

அக்டோபர் 1

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் பத்து மணிக்கு என் கைக்கு வந்தது. இப்போது மணி பத்து ஐந்து. காவலரிடம் கெஞ்சி, கொட்டகைக் கம்பி ஓரமாக நின்றுகொண்டு, அவர் பேனாவையே வாங்கி, உன் அத்தானின் முதுகில் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். "சீக்கிரம் எழுது, வலிக்குது" என்கிறார்.

நான் சாப்பிட்டேன். குருவிக்கு இருமல் என்றால் வெந்நீர் கொடு. அவளிடம் ஒரு காகிதம் கொடுத்து அந்தக் கொம்பு வைத்த அத்தையை மறுபடி வரையச் சொல். பதிலை யோசித்து எழுது, அவசரமில்லை. நான் இங்கேயே நிற்கிறேன்.

உன் அக்கா